மைடியாவை மாற்றியது கூக்காவா, 632 திட்டமா?

பட்டறைவாசி:
2016-இல் சீனாவின் மைடியா, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலுள்ள ரோபோ நிறுவனம் கூக்காவைப் பங்குக்கு 115 யூரோ விலையில் கேட்டது. 2017 ஜனவரியில் 94.55 விழுக்காடு பங்கு கைக்கு வந்தது. ஏ.சி.யும் வாஷிங் மெஷினும் செய்து வந்த கம்பெனி டிஜிட்டலுக்கு மாற இதுவே அடித்தளம் என்பேன்.

கணக்குப்பிள்ளை:
ஆண்டுக் கணக்கு இடிக்கிறதே நண்பரே! மைடியாவின் மென்பொருள் சீரமைப்புத் திட்டமான 632 தொடங்கியது 2012-இல். அதுவரை பிரிவுக்கொரு மென்பொருள். மொத்தம் நூற்றுக்கும் மேல். அவற்றை 6 இயக்க அமைப்புகள், 3 மேலாண்மைத் தளங்கள், 2 தொழில்நுட்பத் தளங்கள் என்று சுருக்கியதுதான் 632.

இதில் முதுகை ஒடிக்கும் வேலை மென்பொருள் அல்ல, குறியீடு. ஒரே திருகாணிக்கு ஏ.சி. பிரிவில் ஒரு எண், வாஷிங் மெஷின் பிரிவில் வேறு எண் என்றிருந்தால் மொத்தக் கொள்முதலுக்குப் பேரம் பேச முடியாது. கிடங்கு இருப்பும் தப்பாகக் காட்டும். முதலில் பொருள், சப்ளையர், வாடிக்கையாளர் குறியீடுகளை ஒன்றாக்க வேண்டும். அடுத்து நடைமுறை. மென்பொருள் கடைசியில்தான். வரிசையை மாற்றினால் பழைய குழப்பம் புதுத் திரையில் ஓடும், அவ்வளவே.

அதன்மேல் எழுந்ததே டி+3: ஆர்டர் திரட்டல், மூலப்பொருள் சேர்ப்பு, உற்பத்தி, அனுப்புதல். கட்டத்துக்கு 3 நாள். மைடியாவின் லிட்டில் ஸ்வான் வாஷிங் மெஷின் பிரிவில் தொடங்கி, 23 நாள் சுற்று 12-க்கு இறங்கியது. கூக்கா இதில் எங்கே வருகிறது?

பட்டறைவாசி:
உற்பத்திக் கட்டத்தில் வருகிறது. டி+3 என்றாலே சின்னச் சின்ன ஆர்டர். ஒரே லைனில் மாடல் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் லைன் நின்றால் அந்த 3 நாள் போதாது. கிரிப்பரையும் (பொருளைப் பிடிக்கும் கை) புரோகிராமையும் உடனே மாற்றிக்கொள்ளும் ரோபோ வேண்டும். குறியீடு தகவலைத்தான் நகர்த்தும், தகட்டை நகர்த்தாது.

துறைமுகம்:
ரோபோவைக் காசு கொடுத்தே வாங்கலாமே, கம்பெனியை எதற்கு வாங்க வேண்டும்? 2016 ஜூன் முதலீட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். 2023 கடைசி வரை ஆக்ஸ்பர்க் தலைமையகம், வேலைகள், காப்புரிமை எல்லாவற்றுக்கும் உறுதி கொடுத்தார்கள். கார் கம்பெனிகளின் தரவு மைடியாவுக்குப் போகாதபடி தனி வேலி. அமெரிக்க ஒப்புதலுக்காக அங்கிருந்த கூக்காவின் விமானத்துறைப் பிரிவையும் விற்க நேர்ந்தது. உரிமை கிடைத்தது, தரவு கிடைக்கவில்லை. 2018-இல் மைடியாவின் ஊரான ஷுண்டேயில் கூக்காவுடன் கூட்டு நிறுவனங்கள் தொடங்கியதன் காரணத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
விலையையும் பாருங்கள். 2018-இல் கார்த் துறையும் சீனச் சந்தையும் மந்தம். கூக்காவின் தலைவர் டில் ராய்ட்டர் விலகினார். 2019-இல் ஆக்ஸ்பர்கில் 350 வேலைகள் குறைப்பு. 2022-இல் மிச்சப் பங்குதாரர்களுக்குப் பங்குக்குக் கொடுத்தது 80.77 யூரோ. 115 எங்கே, இது எங்கே!

பட்டறைவாசி:
80.77-ஐ வைத்து எடை போடுவது நியாயமில்லை. கூக்காவின் விற்றுமுதல் 2020-இல் சுமார் 260 கோடி யூரோவுக்கு விழுந்து, 2022-இல் சுமார் 390 கோடிக்கு ஏறியது. பங்கை விற்கவா வாங்கினார்கள்?

துறைமுகம்:
இதைப் பார்த்து இன்று இன்னொரு சீனக் கம்பெனி ஜெர்மன் கம்பெனியை வாங்க இறங்கினால் வழி வேறு. 2018 மார்ச் முதல் சீன வளர்ச்சி, சீர்திருத்த ஆணையத்தின் 11-ஆம் எண் விதி அமலில் இருக்கிறது. ஆணையம், வணிக அமைச்சகம் இரண்டின் தாளும் இல்லாமல் வங்கி அந்நியச் செலாவணியை விடாது. ஜெர்மனியோ 2021 மே மாதம் சிறப்புத் தன்மை கொண்ட சில வகை ரோபோக்களையும் அனுமதி தேவைப்படும் துறைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர் அந்தப் பட்டியலிலுள்ள கம்பெனியில் 20 விழுக்காடு வாக்குரிமையை எட்டினாலே முன்கூட்டி அறிவித்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். 632-க்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.