ஆஸ்திரேலியா: சென்டர்லிங்கில் குடும்ப வருமானம் எவ்வளவு என்று போடுவது?

புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்பதால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பிள்ளைகளுக்கான உதவித்தொகையான ஃபேமிலி டாக்ஸ் பெனிஃபிட்டுக்கும், குழந்தைகள் காப்பகக் கட்டணத்துக்கு உதவும் சைல்ட் கேர் சப்சிடிக்கும், அரசு உதவித்தொகை தரும் சென்டர்லிங்க் எடுத்துக்கொள்வது ஒரே மதிப்பீட்டைத்தான். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை குடும்பத்துக்கு வரப்போகும் மொத்த வருமானம் அது. வரி கட்டும்போது கணவர் கணக்கு வேறு, மனைவி கணக்கு வேறு. இங்கே இரண்டையும் கூட்டுவார்கள். துணைவர் இன்னும் ஊரில் வேலை பார்க்கிறார் என்றாலும் அந்தச் சம்பளம் டாலரில் சேரும்.

சம்பளத்துக்கு, பேங்கில் விழும் தொகையைப் பார்க்காதீர்கள். பேஸ்லிப்பில் ‘இயர் டு டேட்’ (ஜூலையிலிருந்து இதுவரை) என்று இருக்கும் வரிக்கு முந்தைய தொகையை எடுங்கள். 11 ஃபோர்ட்நைட்டில் (ஒரு ஃபோர்ட்நைட் என்பது இரண்டு வாரம்) 33,000 என்றால் ஒன்றுக்கு 3,000. அதை 26 ஆல் பெருக்கினால் 78,000. மனைவி பிப்ரவரியில் வருடம் 60,000க்கு வேலையில் சேர்ந்தால், ஜூன் வரை ஐந்து மாதத்துக்கு 25,000 மட்டுமே. ஆக 1,03,000. மனைவி வேலையைச் சொல்லாமல், ஓவர்டைமுக்கு என்று கொஞ்சம் கூட்டி 90,000 என்று போட்டிருந்தால் என்ன ஆகும்? பன்னிரண்டு வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், இந்த வருமான அளவில் ஃபேமிலி டாக்ஸ் பெனிஃபிட்டின் பார்ட் ஏ டாலருக்கு 20 சென்ட் குறையும். விடுபட்ட 13,000க்கு 2,600 டாலர் கடன். டாக்ஸ் ரீஃபண்டிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள்.

இனி, சம்பளத்தோடு சேர்க்க மறக்கிறவை. சாலரி சாக்ரிஃபைஸ் செய்து, அதாவது வரிக்கு முன்பே சம்பளத்திலிருந்து ஒதுக்கி, சூப்பரில் (ஓய்வுக்கால நிதி) போட்ட பணம் வரியிலிருந்து தப்பும், இதில் தப்பாது. முதலாளி கட்டாயமாகப் போடும் 12% சூப்பரைச் சேர்க்க வேண்டாம்; பயந்துபோய் அதையும் கூட்டுகிறவர்கள் உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டில் வருடம் 9,000 நஷ்டம் காட்டி வரியைக் குறைத்தால், சென்டர்லிங்க் அந்த 9,000ஐத் திரும்பக் கூட்டிவிடும். இப்படி நெகட்டிவ் கியரிங் செய்கிறவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். முதலாளி வழியாகச் சம்பளத்திலிருந்து தவணை கட்டும் நோவேட்டட் லீஸ் கார் இருந்தால், ரிப்போர்ட்டபிள் ஃப்ரிஞ்ச் பெனிஃபிட் (சம்பளத்தோடு முதலாளி தரும் சலுகை) தொகை வருமானச் சுருக்கத்தில் தனியாகத் தெரியும், அதுவும் கணக்கில் வரும். அரசு மருத்துவமனை ஊழியர்களுக்கு ஃப்ரிஞ்ச் பெனிஃபிட் விலக்கு இருப்பதால், அந்த எண்ணில் 53% மட்டும்தான் எடுப்பார்கள்.

ஊரில் விட்டு வந்த வீட்டு வாடகையை ஆஸ்திரேலிய வரியிலேயே காட்டிவிட்டால் மறுபடி சேர்க்காதீர்கள். வரியில் வராத வெளிநாட்டு வருமானம்தான் தனியாகச் சேர வேண்டும். வருடத்தின் நடுவில் வந்திறங்கியவர்கள், வருவதற்கு முன் ஜூலையிலிருந்து ஊரில் வாங்கிய சம்பளத்தை இதில் போட வேண்டும். பார்ட் ஏக்குப் புதிய பிஆர்காரர்கள் (நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள்) 52 வாரம் காத்திருக்க வேண்டியிருப்பதால், அந்த முதல் வருடம் இது முக்கியமாக சைல்ட் கேர் பக்கம்தான் கடிக்கும்.

வேலை மாறினாலோ ஓவர்டைம் கூடினாலோ அன்றே மைகவ் என்ற அரசு இணையதளம் வழியாக சென்டர்லிங்கில் போய் மதிப்பீட்டைத் திருத்துங்கள். கூட்டிப் போட்ட அடுத்த ஃபோர்ட்நைட்டில் பணம் பாதியாகவோ பூஜ்ஜியமாகவோ ஆகலாம். அதுவரை கூடுதலாகக் கொடுத்ததை மீதி மாதங்களில் நேர் செய்கிறது சிஸ்டம், பதற வேண்டாம். வருமானம் 80,000ஐ ஒட்டி நிற்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். அதை ஒரு டாலர் தாண்டினாலும் வருடக் கடைசியில் வரும் பார்ட் ஏ சப்ளிமெண்ட் கிடையாது.

கேள்வி: ஊபர் ஓட்டுகிறேன் அண்ணா, கூடவே கேஷுவல் வேலை. ஒரு மாதம் போல ஒரு மாதம் இல்லை. எதைப் போடுவது?

பதில்: ஊபரில் பெட்ரோல், சர்வீஸ் எல்லாம் கழித்த லாபத்தைப் போடுங்கள் தம்பி. கணிக்கவே முடியாது என்றால் இரண்டு வழி. அதிகமாகப் போட்டுவிட்டால் மீதி வருட முடிவில் வந்து சேரும். அல்லது ஃபோர்ட்நைட் பணமே வேண்டாமென்று விட்டு, டாக்ஸ் ரிட்டர்ன் முடிந்தபின் மொத்தமாகக் கேளுங்கள். அதற்கு நிதியாண்டு முடிந்து ஒரு வருடம் அவகாசம்.

இன்னொரு பதில்: ஒன்று விட்டுப்போச்சு. வேலைக்குப் போகாத மனைவிக்கு ரிட்டர்ன் போடத் தேவையில்லை என்றால் சும்மா இருந்துவிடக் கூடாது. ‘இவர் ரிட்டர்ன் போட வேண்டியதில்லை’ என்று சென்டர்லிங்கில் தனியாகப் பதிய வேண்டும், அதுவும் அடுத்த ஜூன் 30க்குள். டாக்ஸ் ஏஜெண்ட் உங்கள் ரிட்டர்னைப் போடுவார், இதைச் செய்ய மாட்டார். பதியாவிட்டால் கணக்கு முடியாது, சப்ளிமெண்ட் போய்விடும். வருடம் முழுக்க வாங்கியதையும் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும்.