ஆயில் மாற்றியதிலிருந்து காலையில் மட்டும் கடகட சத்தம்: ஆயிலா, ஃபில்டரா?

யீஷூன்வாசி

வணக்கம். ஹோண்டா ஃபிட் 1.3, 2012ஆம் ஆண்டு வண்டி. சிங்கப்பூர் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிறேன். போன முறை ஆயில் மாற்றக் கொடுத்த இடத்தில், "நம்ம ஊர் வெயிலுக்கு 20 எல்லாம் தண்ணி மாதிரி, பழைய வண்டிக்குக் கெட்டியாத்தான் ஊத்தணும்" என்று 5டபிள்யூ-40 கிரேடு ஆயில் ஊற்றினார்கள். ஃபில்டரும் அவர்கள் போட்டதுதான். வெறும் கறுப்பு டப்பா, மேலே பெயர் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஓரிரு விநாடி கடகடவென்று சத்தம். சிவப்பு ஆயில் விளக்கும் முன்பைவிடத் தாமதித்துத்தான் அணைகிறது. அப்புறம் நாள் முழுக்க ஒன்றும் இல்லை. மதியம் சாப்பிடப் போய்வந்து எடுத்தால் சத்தமே கிடையாது. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டால் "பழைய வண்டி அப்படித்தான் லா" என்கிறார்கள்.

இனி நானே மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஜாக், ஸ்டாண்ட் எல்லாம் இருக்கிறது. இடம், ஜொகூர் மாசாயில் மாமியார் வீட்டுக் கார் போர்ச். எந்த கிரேடு ஆயில், எந்த ஃபில்டர் வாங்குவது? சத்தத்துக்குக் காரணம் ஆயில்தானா?

பச்சைவிளக்கு

விடிசி கியர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம்ஷாஃப்ட் கியர்) போயிருக்கும். என்னுடைய சிஆர்-வி 2.4இல் அச்சு அசல் இதே சத்தம்தான். ஆயிலை எத்தனை தடவை மாற்றினாலும் போகவில்லை, கியரை மாற்றிய பிறகுதான் நின்றது. பணத்தை எடுத்து வையுங்கள்.

ரெஞ்சு ராஜா

2.4க்குச் சரி, அந்த எஞ்சினில் அது பேர்போன வியாதி. ஆனால் தம்பி வைத்திருக்கும் 1.3இல் ஒற்றை கேம்ஷாஃப்ட், விடிசி கியரே கிடையாது. இல்லாத சாமானுக்கு எதற்குப் பணம் எடுத்து வைப்பது?

தம்பி, ஆயிலையும் ஃபில்டரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். சத்தம் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. என் சந்தேகம் ஃபில்டர் மேல்தான். ஃபில்டரின் வாயைப் பார்த்தால் நடுவில் மரையுள்ள பெரிய துளை, அதைச் சுற்றிச் சின்னத் துளைகள். ஆயில் சின்னத் துளைகள் வழியாக உள்ளே போய்ப் பெரிய துளை வழியாக வெளியே வரும். சின்னத் துளைகளை உள்பக்கமாக ஒரு ரப்பர் தட்டு மூடிக்கொண்டிருக்கும். எஞ்சின் நின்றதும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. ஃபில்டர் படுக்கையாக மாட்டியிருக்கும் எஞ்சின்களில் இந்த ரப்பர் சரியில்லையென்றால் இரவோடு இரவாக ஃபில்டர் காலி. காலையில் பம்ப் முதலில் ஃபில்டரை நிரப்பிவிட்டுத்தான் மேலே ஆயில் அனுப்பும். அந்த இரண்டு விநாடிதான் நீங்கள் கேட்கும் சத்தம். மதியம் சத்தம் இல்லாததும், விளக்கு தாமதிப்பதும் இதோடு பொருந்துகிறது.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஃபில்டர் தொங்குகிறதா, படுத்திருக்கிறதா? சமதரையில் எஞ்சினை நிறுத்தி, சில நிமிடம் கழித்து ஆயில் அளவுக் குச்சியை எடுத்தால் ஆயில் எதுவரை நிற்கிறது?

யீஷூன்வாசி

படுத்திருக்கிறது அண்ணே. குச்சியில் மேல் குறியைத் தாண்டி நிற்கிறது. பில்லை எடுத்துப் பார்த்தேன், 4 லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள்.

ரெஞ்சு ராஜா

அதான் பார்த்தேன். உங்கள் வண்டிக்கு ஃபில்டரோடு சேர்த்தே 3.6 லிட்டர்தான். டப்பா 4 லிட்டரில் வருகிறது, மிச்சத்தை யார் எடுத்து வைப்பது என்று கவிழ்த்துவிட்டார்கள். இந்த அளவு கூடுதலால் எஞ்சின் கெட்டுவிடாது, ஆனால் அப்படியே விடவும் வேண்டாம். அளவு ரொம்பவும் ஏறினால் அடியில் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலில் அடித்து நுரை கிளப்பும். குச்சிக் குழாய் வழியாகக் கைப்பம்பில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

சோதனை இப்படி. வெள்ளி இரவே மாசாய் போய் வண்டியை நிறுத்திவிடுங்கள். சனி காலை ஸ்டார்ட் செய்யாமல் ஃபில்டரைக் கழற்றுங்கள். கீழே தட்டு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஃபில்டராக இருந்தால் ஆயில் கொட்டும். ஒன்றுமில்லாமல் வந்தால் விடை கிடைத்துவிட்டது. எஞ்சின் ஆறியிருப்பதால் கையும் சுடாது.

காஸ்வே அக்கா

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் வண்டி ரிப்பேர் செய்ய அனுமதியில்லை, அதனால் மாமியார் வீடு நல்ல யோசனை. கிளம்பும்போது டேங்க் முக்கால் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஃபில்டர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கடையில் "எல்லாம் ஒரே சைஸ்தான்" என்று டொயோட்டா விஓஸ் ஃபில்டரை எடுத்துக் கொடுப்பார்கள். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஹோண்டா மரை 20 மில்லிமீட்டர், 1.5 பிட்ச். விஓஸுக்கு வருவது முக்கால் அங்குல மரை, அதாவது 19 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு சுற்று ஏறுவதுபோல் ஏறும், பிறகு மரையைத் தின்னும், இல்லையென்றால் ஓடும்போது கழன்று ஆயில் மொத்தமும் ரோட்டில். ஹோண்டாவின் சொந்த ஃபில்டர் எண் 15400 என்று தொடங்கும். வண்டியின் சேசிஸ் எண்ணைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள்.

கழற்றிய பிறகு எஞ்சின் பக்கம் விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் சில சமயம் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் புதுசை மாட்டினால் இரண்டு வளையம், உத்தரவாதமாக ஒழுகும்.

பச்சைவிளக்கு

ஃபில்டர் சரி. ஆனால் நம் வெயிலுக்கு 40 தானே நல்லது? 32 டிகிரி ஊரில் 20 ஊற்றச் சொல்வது ஜப்பான்காரன் பெட்ரோல் மிச்சம் பிடிக்கத்தானே?

ரெஞ்சு ராஜா

பெட்ரோல் மிச்சம் ஒரு காரணம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெயில் கணக்கு தப்பு. ஓடுகிற எஞ்சினை தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. சூடேறிய பிறகு ஆயில் எங்கே ஓடினாலும் கிட்டத்தட்ட 90, 100 டிகிரிதான். வெளியே 32 என்பதால் பெரிய மாற்றம் வராது. பின்னால் வரும் 20, 30, 40 என்பதெல்லாம் 100 டிகிரியில் அளந்த கெட்டித்தன்மைக்கான எண்கள். முன்னால் வரும் 0டபிள்யூ, 5டபிள்யூ குளிர்நாட்டுக்கு. 5டபிள்யூவை மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள், நம் ஊரில் எதற்கு?

நமக்குக் கவனிக்க வேண்டியது விடியற்காலை 26, 27 டிகிரி. அந்தச் சூட்டில் 40 ஆயில், 20 ஆயிலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. காலி ஃபில்டரோடு இதுவும் சேர்ந்தால் மேலே ஆயில் போக இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்காக 40 விஷம் இல்லை, எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது.

இந்த வயசு ஃபிட்டுக்கு என் கை 5டபிள்யூ-30 பக்கம்தான் போகும். கையேட்டில் 0டபிள்யூ-20 போட்டிருந்தால் அதுவும் தாராளமாகச் சரி. டப்பாவின் பின்னால் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) வட்டத்தில் எஸ்பி என்று இருந்தால் போதும், அது 2020இல் வந்த தரம். 2025இல் வந்த எஸ்க்யூவும் பழைய வண்டிக்குப் பொருந்தும். அதைத் தேடிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். எஸ்பியில் பெரிதாகப் பேசப்படும் முன்வெடிப்புப் பாதுகாப்பு டர்போ வண்டிகளுக்கானது. உங்கள் எஞ்சினுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஆன்லைனில் நம்பமுடியாத விலைக்கு வரும் டப்பாவைத் தொடாதீர்கள், போலி நிறைய. பெட்ரோல் நிலையத்திலோ தெரிந்த கடையிலோ வாங்குங்கள்.

யீஷூன்வாசி

வந்துவிட்டேன். இன்று காலை ஸ்டார்ட் செய்யாமல் கழற்றினேன். தட்டில் விழுந்தது ஒரு தேக்கரண்டிகூட இருக்காது! போனில் டார்ச் அடித்துச் சின்னத் துளை வழியாகப் பார்த்தேன். ரப்பர் ஒரு பக்கம் மடிந்து, தகட்டோடு ஒட்டாமல் இடைவெளி தெரிகிறது. பல்குத்தும் குச்சியால் அழுத்தினால் பழைய செருப்புவார் மாதிரி விறைப்பு. புதிய ஹோண்டா ஃபில்டரின் ரப்பர் அழுத்தினால் அமுங்கி உடனே திரும்புகிறது.

ஆனால் புது ஃபில்டர் மாட்டி ஸ்டார்ட் செய்ததும் முன்பைவிட மோசமான சத்தம். உடனே அணைத்துவிட்டேன். இப்போது என்ன செய்ய?

ரெஞ்சு ராஜா

பயப்படாதீர்கள். புது ஃபில்டரும் காலிதானே, முதல் தடவை நிரம்ப நேரமாகும். மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள், விளக்கு அணையட்டும். அடியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய சத்தம் கணக்கில் இல்லை, நாளைக் காலைச் சத்தம்தான் கணக்கு.

ஃபில்டரை எப்படி இறுக்கினீர்கள்?

யீஷூன்வாசி

வளையத்தில் ஆயில் தடவி, ஒட்டிய பிறகு முக்கால் சுற்று, கையால்தான். கசிவு இல்லை. குச்சிக் குழாய் வழியாக உறிஞ்சியதில் அளவு இரண்டு குறிக்கும் நடுவில் வந்துவிட்டது.

யீஷூன்வாசி

ஞாயிறு காலை. சத்தம் இல்லை. சாவியைத் திருப்பினால் விளக்கு பட்டென்று அணைகிறது. மாமியாரே வெளியில் வந்து "வண்டி எடுக்கலையா?" என்று கேட்டார். நன்றி அண்ணே, நன்றி அக்கா.

மிச்சம் இருப்பது 5டபிள்யூ-40. இப்போதே வடித்துவிட்டு 30 ஊற்றட்டுமா?

ரெஞ்சு ராஜா

வேண்டாம், காசு விரயம். அடுத்த தவணை வரை ஓட்டுங்கள். அப்போது வடிக்கும் போல்ட்டுக்கு 14 மில்லிமீட்டர் வாஷர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். அது நசுங்கி அடைக்கும் வாஷர், ஒரு தடவைக்குத்தான். டார்க் ரெஞ்சு (இறுக்கத்தை அளக்கும் ரெஞ்சு) இருந்தால் 39 நியூட்டன் மீட்டர். சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) அலுமினியம், வீரத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

காஸ்வே அக்கா

வடித்த ஆயிலைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, மாசாயிலேயே தெரிந்த போமன் (மெக்கானிக்) கடையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் இது நச்சுக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. வொர்க்‌ஷாப்காரர்கள் உரிமம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைப்பார்கள். எங்கே இருந்தாலும் வடிகாலில் மட்டும் ஊற்றாதீர்கள். சிங்கப்பூரில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தின் மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது, உங்கள் யீஷூன் பக்கத்திலேயே லோவர் சிலேத்தார் இருக்கிறது.

புதுமுகம்

என்னுடையது விஓஸ். எனக்கும் காலையில் இதே சத்தம். நானும் 15400 ஃபில்டர் வாங்கட்டுமா?

காஸ்வே அக்கா

ஐயோ, வேண்டாம்! மேலே மரை பற்றி எழுதியதைப் படியுங்கள். வண்டி எந்த ஆண்டு, எந்த எஞ்சின், ஃபில்டர் எப்படி மாட்டியிருக்கிறது என்று தனி இழையாகப் போடுங்கள், பார்க்கலாம்.