மறு: ‘முறைசாராக் கற்றல்’ – வேறு சொல் உண்டா?

அனைவருக்கும் வணக்கம். இணையத்தில் கூடிக் கற்பதற்கு நம் கையேட்டில் என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்ற இழைக்கு என் பதில் இது. நீங்கள் எழுதிய வரிகளை இடையிடையே எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

> வலைப்பதிவு, முகநூல் குழு, விக்கி என்று ஆளாளுக்குக் கற்றுக்கொள்கிறார்களே, அதற்கு ‘முறைசாராக் கற்றல்’ என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் வேறொன்றாகப் புரியும். ‘முறைசாரா’ என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது அறிவொளி இயக்கமும் இரவுப் பள்ளியும். அங்கே பள்ளிக்கூடம் இல்லையே தவிர, பாடநூல் உண்டு, சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு, குறித்த நேரமும் உண்டு. 1974இல் கல்வி ஆய்வாளர்கள் பிலிப் கூம்ஸும் மன்சூர் அகமதுவும் கல்வியை மூன்றாகப் பிரித்தார்களே, அதில் இது நடு வகை. முதலாவது, பள்ளி, கல்லூரிப் படிப்பு. மூன்றாவது, யாரும் ஏற்பாடு செய்யாமல் அன்றாடப் புழக்கத்திலேயே சேர்கிற அறிவு. நாம் இரண்டுக்கும் ‘முறைசாரா’ என்றே எழுதிவருகிறோம். மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொரு குறையும் உண்டு. முறை சார்ந்ததா சாராததா என்பது கற்பவரின் கணக்கே இல்லை, கல்லூரி அலுவலகத்தின் கணக்கு. 2008இல் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய இணைய வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள் சுமார் 25 பேர். சும்மா வந்து சேர்ந்தவர்கள் 2,200 பேர் அளவில். வந்தவர்கள் தத்தம் வலைப்பதிவில் எழுத, அவற்றைத் திரட்டித் தினமும் ஒரு மடலாக அனுப்பினார்கள். எல்லாரும் படித்தது ஒன்றே. ஆனால் 25 பேருக்கு அது முறைசார்ந்தது, மற்றவர்களுக்கு முறைசாராதது! இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அங்கே என்ன நடந்தது என்று எப்படி விளக்குவது?

நடந்தது என்ன என்பதைத் தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். புதிதாக வந்த ஒருவர் தன் ஊர் ஏரியைப் பற்றி நாலு பத்தி எழுதுகிறார். ‘ஏரி கரையில் மக்கள் கூடி பொங்கல் வைப்பர்’ என்று ஒரு வரி. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் வந்து ‘ஏரிக்கரையில்’, ‘கூடிப் பொங்கல்’ என்று திருத்துகிறார். திருத்தத்துக்கான குறிப்பில் ‘ஒற்றுப்பிழை’ என்று ஒரே சொல். வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் பழைய வரியும் புதிய வரியும் அருகருகே நிற்கும், மாறிய இடம் மட்டும் நிறத்தோடு. இலக்கண வகுப்பு அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் பேச்சுப் பக்கத்தில் கேட்கிறார், இல்லையென்றால் ‘ஆலமரத்தடி’ என்ற பொது உரையாடல் பக்கத்துக்குப் போகிறார். (அந்தப் பெயரை வைத்தவருக்கு ஒரு கும்பிடு.) கொஞ்ச நாளில் அவரே இன்னொரு புதியவரின் கட்டுரையில் ‘க்’ சேர்த்துக்கொண்டிருப்பார். ‘ஏன் சேர்த்தீர்கள்?’ என்று அந்தப் புதியவர் கேட்கும்போதுதான் விதியைத் தேடிப் படிப்பார். அப்போதுதான் அது முழுதாகப் பிடிபடும்.

இது நன்னூலில் அப்படியே இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் காற்பங்குதான் கிடைக்கும் என்கிறார் பவணந்தியார். அடுத்து,

அவ்வினை யாளரொடு பயில்வகை ஒருகால்
செவ்விதின் உரைப்ப அவ்விரு காலும்
மையறு புலமை மாண்புடைத் தாகும்

கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்வதில் மீதி அரை. ஆசிரியர் பங்கை எடுத்துவிட்டு மிச்சம் முக்காலை வைத்து ஓடுவதுதான் இந்தக் குழுக்கள் எல்லாம். ஆகவே என் பரிந்துரை: உடன்பயில்வு. ஆட்களுக்கு ‘உடன்பயில்வோர்’, குழுவுக்கு ‘உடன்பயில் குழு’. வினையாகவும் நடக்கும்: உடன்பயின்றார், உடன்பயில்கிறார்.

> ‘கேள்வி ஞானம்’ இருக்கும்போது புதுச் சொல் எதற்கு?

நல்ல சொல். முறையாகப் பாட்டு கற்காமலே சபாவில் உட்கார்ந்து ராகம் கண்டுபிடிக்கும் மாமாக்களை எல்லாருக்கும் தெரியும். எனக்கும் முதலில் இதில்தான் மனம் போனது. ஆனால் அது காதோடு நின்றுவிடுகிறது. நன்னூல் சொல்லும் பாதி, எடுத்துரைப்பது, அதில் இல்லை. அதோடு, கையேட்டில் ‘கேள்விவழிக் கற்றல்’ என்று எழுதினால், ஆசிரியர் வினா கேட்டு நடத்தும் பாடம் என்றுதான் இன்று நினைப்பார்கள்.

ஆனால் அந்தச் சொல்லைக் கைவிட வேண்டாம். குழுவில் ஒரு வரிகூட எழுதாமல் படித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு ‘பதுங்குநர்’ என்று ஒருவர் தந்திருந்தார். என்ன திருட வந்தவர்களா அவர்கள்? மானிடவியலாளர் ஜீன் லேவ் ஆராய்ந்த லைபீரியத் தையற்காரர்களிடம் கற்கச் சேர்ந்தவன் முதலில் பொத்தான் தைப்பான், ஓரம் மடிப்பான். துணி வெட்டுவது கடைசியில்தான். ஓரத்தில் நிற்பதும் தொழில் கற்பதில் ஒரு கட்டம். கேட்டுக் கற்பவர் என்ற பொருளில் ‘கேள்வியர்’ என்று சொல்லிப் பாருங்கள், கௌரவமாக இருக்கிறது.

> வலைப்பதிவைத் தனியாக உட்கார்ந்து படிப்பவர் யாருடன் பயில்கிறார்?

சரியான கேள்வி. பின்னூட்டத்தையும் சேர்த்துப் படித்தால் கொஞ்சம் உடன்பயில்வுதான். வெறும் பதிவை மட்டும் படிப்பவருக்கு இந்தச் சொல் பொருந்தாது, இழுத்துப் பொருத்தவும் வேண்டாம். அதற்குச் சென்ற மடலில் வந்த ‘தன்போக்குக் கற்றல்’ போதும். ‘தன்போக்கு’ என்றால் அடங்காத பிள்ளை போலத் தொனிக்கிறது என்றார்கள். தொனிக்கட்டுமே.

இலங்கை நண்பர்கள் சொன்ன ‘சகபாடிக் கற்றல்’ ஏற்கெனவே வகுப்பறைக்குள் புழங்குகிறது. அதை அங்கேயே விட்டுவிடலாம்.

கையேட்டின் தலைப்பில் ‘உடன்பயில்வு’ இருக்கட்டும். முதல் முறை வரும் இடத்தில் ‘இணையத்தில் கூடிப் பழகிக் கற்பது’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். விக்சனரியில் பக்கம் தொடங்க யாராவது முன்வந்தால் எடுத்துக்காட்டு வாக்கியங்களை நான் எழுதித் தருகிறேன். ‘கேள்வியர்’ பற்றித் தனி இழை திறப்பது நல்லது, இல்லையென்றால் இதில் இரண்டும் குழம்பும்.

அன்புடன்.