புதுப்பிப்பு: மிருதங்கத்தோடு பாரிஸ் போய் வந்தாச்சு

லண்டனிலிருந்து பாரிஸில் ஓர் அரங்கேற்றத்துக்கு வாசிக்கப் போக ஏடிஏ கார்னே (பொருளைத் தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான சுங்க ஆவணம்) எடுக்க வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா, வேண்டியதில்லை. வாத்தியம் நம் கூடவே வந்தால் பிரச்சினை இல்லை, தனியாகச் சரக்காக அனுப்பினால்தான் கார்னே கதை. பிரான்ஸில் கச்சேரிக்கு 90 நாள் வரை வேலை அனுமதியும் கேட்பதில்லை, ஆனால் மற்ற நாடுகளுக்குத் தனித்தனி விதி, பார்த்துக்கொள்ளுங்கள்.

டோவர் துறைமுகத்தில் மிருதங்க உறையைத் திறக்கச் சொன்ன அதிகாரி, தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) நாதத்துக்காகத் தடவி, காய்ந்து ஒட்டியிருந்த ரவையைச் சுரண்டிப் பார்த்து இது என்ன என்றார். உப்புமா ரவைதான் என்று எப்படிச் சொல்வது!

விற்க வைத்திருந்த 40 சிடிக்களை வீட்டிலேயே விட்டுவிட்டேன், அவை வணிகச் சரக்காம், தனிச் சுங்கத் தாள் வேண்டும். பிரெக்ஸிட் விதிகள் வருவதற்கு முன்பு, அதாவது 2021-க்கு முன்பு, பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். அப்புறம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் விசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளில் (பிரான்ஸும் அதில் ஒன்று) 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கில், வாசிக்காமல் சும்மா அத்தை வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய நாளும் சேரும்.