கே2-18பி கோளில் இருந்த தண்ணீர் எங்கே போனது?

கரும்பலகை:
எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 2019-இல் கே2-18பி என்ற கோளில் நீராவி இருப்பதாகப் பேப்பரில் வந்ததை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அது இன்னும் அங்கேயேதான் பழுத்துக் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் அதே கோளில் உயிரின் தடயம் என்று வந்த செய்தியையும் பக்கத்தில் ஒட்டினேன். ஒரு மாணவி இரண்டையும் படித்துவிட்டு, "புதுசுல மீத்தேன் இருக்கு, கார்பன் டை ஆக்சைடு இருக்கு, பழைய தண்ணியக் காணோமே சார்?" என்றாள். பார்த்துச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்தேன், திங்கட்கிழமை விடமாட்டாள். 124 ஒளியாண்டு தள்ளி இருக்கும் கோளின் காற்றில் என்ன இருக்கிறது என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

மொட்டைமாடி:
அந்தப் பெண்ணுக்கு ஒரு சபாஷ். நான் இந்த வகைத் தரவுகளோடுதான் மல்லுக்கட்டுகிறேன் சார், சொல்கிறேன்.

கோளை யாரும் நேராகப் பார்க்கவில்லை. அதன் நட்சத்திரத்தைத்தான் பார்க்கிறார்கள். 33 நாளுக்கு ஒருமுறை கோள் குறுக்கே போகும்போது வெளிச்சம் மங்கும். பத்து லட்சம் ரூபாயில் ஏறக்குறைய 2,900 குறைகிற மாதிரி. அது கோளின் உடம்பு மறைப்பது. சுற்றியுள்ள காற்று, தான் உறிஞ்சும் நிறங்களில் மட்டும் இன்னும் சில பத்து ரூபாய், மிஞ்சினால் நூறு சொச்சத்தை அமுக்கிக்கொள்ளும். எந்த நிறத்தில் எவ்வளவு காணோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. எடுத்தது எந்த வாயு என்று நாம்தான் பொருத்திப் பார்க்க வேண்டும்.

2019-இல் சொன்னதற்கு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தது 1.1 முதல் 1.7 மைக்ரான் வரைதான் (மைக்ரான் என்பது ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு, நிறத்தின் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்). அதில் 1.4 பக்கம் வரைபடத்தில் ஒரு மேடு, அதாவது அங்கே வெளிச்சம் கூடுதலாகக் காணோம். நீராவியும் மீத்தேனும் இரண்டுமே அங்கே உறிஞ்சும். நீராவி என்று எழுதினார்கள். 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 5 மைக்ரானைத் தாண்டிப் பார்த்தபோது மீத்தேனின் மற்ற மேடுகளும் வரிசையாகத் தெரிந்தன, கூடவே கார்பன் டை ஆக்சைடும். தண்ணீர் தெளிவாகத் தெரியவில்லை. பழைய மேடு பெரும்பாலும் மீத்தேனுடையதுதான்.

சிரிக்காதீர்கள், நானும் விழுந்தவன். முதுகலைப் ப்ராஜெக்டில் வேறொரு சிவப்புக் குறுமீனை, அதாவது சிறிய, குளிர்ந்த நட்சத்திரத்தைச் சுற்றும் கோளின் தரவைக் கொடுத்தார்கள். அதே 1.4-இல் அழகான மேடு. அன்று ராத்திரியே அம்மாவுக்கு போன் போட்டு "தண்ணி கிடைச்சிருக்கும்மா" என்றேன். மறுநாள் வழிகாட்டி படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நட்சத்திரப் புள்ளிகளைக் கழிச்சியா?" இவ்வளவு குளிர்ந்த நட்சத்திரங்களின் கரும்புள்ளிகளில் நீராவி இருக்கும் சார், நட்சத்திரத்திலேயே! அதைக் கழித்ததும் என் மேடு தரைமட்டம். அம்மா இன்னமும் "அந்தத் தண்ணி என்னாச்சு?" என்கிறார்.

சந்தேகி:
அப்போ 2025-இல் உயிரின் தடயம் என்று சொன்ன டைமெத்தில் சல்பைடு வாயுவும் அப்படித்தானா? 99.7 சதவீதம் உறுதி என்றார்களே. எல்லாம் நிதிக்காகக் கிளப்பும் பரபரப்பு.

மொட்டைமாடி:
பரபரப்பு தலைப்புகளில்தான் அதிகம். கேம்பிரிட்ஜில் அதை அறிவித்த நிக்கு மதுசூதன் குழு மூன்று சிக்மா என்றுதான் சொன்னது, நீங்கள் சொல்லும் 99.7 அதுதான். கண்டுபிடிப்பு என்று ஏற்கத் தேவையான ஐந்து சிக்மா வர வெப் தொலைநோக்கியில் இன்னும் 16 முதல் 24 மணி நேரம் வேண்டும் என்றும் சொன்னது. டைமெத்தில் சல்பைடா, டைமெத்தில் டைசல்பைடா என்று அவர்களாலேயே பிரிக்க முடியவில்லை.

அந்த 99.7 உயிர் இருப்பதற்கான உறுதி இல்லை, அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். அந்த வாயுக்களைச் சேர்த்த கணக்கு, சேர்க்காத கணக்கைவிட நன்றாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான். ஒப்பிட எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணே மாறும். ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர் அதே தரவில் வாயு எதையும் போடாமல் ஒரு நேர்க்கோட்டைப் போட்டுப் பார்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது. சிகாகோ குழு ஒன்று பழைய வெப் தரவுகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, வலுவான சான்று இல்லை என்றது. தரவு பொதுவில் இருப்பதால்தான் இப்படி ஆளாளுக்கு உரசிப் பார்க்க முடிகிறது.

அப்புறம், பூமியில் இந்த வாயுவைக் கடல் நுண்பாசிகள் விடுவது உண்மைதான். ஆனால் 67பி என்ற வால்மீனிலும் அது இருந்தது, ரொசெட்டா விண்கலம் அளந்த தரவில் கண்டுபிடித்தார்கள். வால்மீனில் ஏது பாசி?

கரும்பலகை:
நன்றி தம்பி. இன்று வகுப்பில் அந்தப் பத்து லட்ச ரூபாய்க் கணக்கைச் சொன்னேன், பிடித்துக்கொண்டார்கள். உங்கள் அம்மா கதையையும் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். மாணவியின் அடுத்த கேள்வி: புள்ளிகள் கோள் கடந்துபோகும் பாதையிலேயே இல்லாமல் ஒதுங்கி இருந்தால், அவை இருப்பதே எப்படித் தெரியும், எப்படிக் கழிப்பீர்கள்? புதன்கிழமை மூன்றாம் பீரியட் மறுபடி அந்த வகுப்பு.