புதுப்பிப்பு: மட்டக்களப்பிலிருந்து கேக், பிஸ்கட் தபாலில் அனுப்புவது

முந்தைய இழையில் பொதி கட்டுவதை மட்டும் எழுதியிருந்தேன். பூஞ்சணம், நமத்துப்போவது பற்றிப் பலரும் கேட்டதால் இது.

பூஞ்சணத்துக்குப் பெரும்பாலும் காரணம் சூடு ஆறாமல் சுற்றுவதுதான். உள்ளே அடைபடும் ஆவி கடதாசியில் நீராகப் படிந்து கேக்கின் மேற்புறத்தை நனைக்கும். இரவு முழுக்கக் கம்பித்தட்டில் ஆறவிட்டு, மறுநாள் காலையில் வெட்டுங்கள். மார்கழி மழைக்காலத்தில் மூடிய அறைக்குள் ஆறவைப்பது நல்லது.

ரவை, கஜு, ஊறிய பழங்கள் போட்ட நத்தார் கேக்தான் தபாலுக்கு ஏற்றது. சீனியும் பழமும் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அது லேசில் பழுதாகாது. துண்டு துண்டாக ஒயில் பேப்பரில் சுற்றி டின்னில் இறுக்கி அடுக்குங்கள். பட்டர் ஐசிங் வேண்டவே வேண்டாம். பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும், நம்மூர் வெயிலில் தபால் வண்டிக்குள் அந்தச் சூடு சாதாரணம்.

பிஸ்கட்டை கேக்கோடு ஒரே டின்னில் போட்டால் கேக்கின் ஈரத்தை இழுத்து நமத்துப்போகும். தனி டின், இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து, நிறுத்திவைத்து அடுக்குங்கள். படுக்கவைத்தால் அடியில் இருப்பது நொறுங்கும்.

டின்னுக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே நாற்புறமும் 5 சென்ரிமீற்றர் கசக்கிய பத்திரிகை. குலுக்கினால் சத்தம் கேட்கக் கூடாது. விலாசத்தை உள்ளேயும் ஒரு துண்டில் எழுதிவையுங்கள், மழையில் வெளி மை கரையும். திங்களன்று ஒப்படையுங்கள், போயா (பௌர்ணமி) விடுமுறை வரும் வாரமென்றால் அடுத்த வாரம்.