புதுப்பிப்பு: வாட்டர்லூவைத் தாண்டியாச்சு

விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசராப்ளே’ (1862) நாவலை மூன்று முறை எடுத்தும், நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரைச் சொல்லும் பகுதியிலேயே வாசிப்பு நின்றுபோனது என்று போன வருஷம் புலம்பியிருந்தேன். வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி, படித்து முடித்துவிட்டேன்.

கைகொடுத்தது ‘நாளுக்கு ஒரு அத்தியாயம்’ யோசனைதான். மொத்தம் 365. பல அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான், காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

‘வாட்டர்லூவை விட்டுத்தள்ளு’ என்றவர்களுக்கு: அந்த 19 அத்தியாயங்களில் கடைசியை மட்டும் விடாதீர்கள். இருட்டில் பிணக்குவியலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கையிலிருந்து, கதையின் வில்லன்களில் ஒருவனான தெனார்தியே மோதிரத்தை உருவுவான். திரும்பி நடந்தால் அந்தக் கை அவனைப் பிடித்து இழுக்கும்! அது நாவலின் இளம் நாயகன் மாரியுஸின் அப்பாவுடைய கை; மாரியுஸ் கதைக்கு முடிச்சே அங்கேதான்.

எதிர்பாராதது, பாரிஸ் பாதாளச் சாக்கடை வரலாறு. அலுக்கும் என்று பயந்த பகுதி. இரண்டு தடவை படித்தேன்.